கடையின் பெயருக்குக் குறை வந்தால்...

நெருப்புப் பிடித்தால் சரக்குக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. வெள்ளம் வந்தால் கட்டடத்துக்கும் உண்டு. கடையின் நல்ல பெயருக்கு ஒரு கேடு வந்தால் அதைக் காப்பாற்ற வேண்டியவர்கள் நாம் மட்டுமே. பெருநிறுவனங்களுக்கு விளம்பரத் துறை இருக்கிறது, வக்கீல்கள் இருக்கிறார்கள். மளிகைக் கடைக்காரருக்கு இருப்பதெல்லாம் கல்லாப்பெட்டியும் தராசும் பில் புத்தகமும்தான். இந்த மூன்றையும் கொண்டே பெயரைக் காக்க முடியும் என்பதை வணிகப் பெருமக்களின் கவனத்துக்குக் கொண்டுவருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிருஷ்ணகிரி மாவட்டம் நாகரசம்பட்டியில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டுக்கு வாங்கிப்போன துவரம்பருப்பில் வண்டு இருக்கிறது. முதல் தெருவில் அது "அந்தக் கடைப் பருப்பில் வண்டு" என்று பேசப்படும். இரண்டாம் தெருவில் "அந்தக் கடைச் சரக்கே மட்டம்" என்றாகும். மூன்றாம் தெருவுக்குப் போகும்போது "ரேஷன் பருப்பைக் கலந்து விற்கிறான்" என்று முடியும். இப்போது செல்போன் வழியாக இது ஒரு மணி நேரத்தில் நடந்துவிடுகிறது.

ஊர்க்காரர்களுக்கு வேறு வழி இல்லாமல் இல்லை. காவேரிப்பட்டணம் பக்கத்தில் இருக்கிறது. ஞாயிறு தோறும் போச்சம்பள்ளிச் சந்தை கூடுகிறது. ஓசூருக்கும் சிப்காட் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் சம்பள நாளில் அங்கேயே மாதச் சாமானைக் கட்டிக்கொண்டு வந்துவிடலாம். வாடிக்கையாளர் சண்டை போட்டுவிட்டுப் போவதில்லை. சொல்லாமல் நின்றுவிடுகிறார். அவர் நின்றதோடு கணக்கு நோட்டில் உள்ள பாக்கியும் நின்றுவிடுகிறது. வசூல் குறைந்தால் மண்டிக்குக் கொடுக்கும் பணம் தவணை தவறுகிறது. மண்டிக்காரர் அடுத்த லோடுக்கு ரொக்கம் கேட்கிறார். ஒரு கிலோ பருப்பில் தொடங்கிய பேச்சு, கடையின் முதலையே அசைத்துவிடும். ஆகவே, குறை சொல்லப்பட்டால் என்ன செய்வது என்பது சரக்குக் கொள்முதல் போலவே தொழிலின் ஒரு பகுதியாகும்.

குறை மூன்று வகை

நம் சரக்கைப் பற்றி வரும் குறைகளை மூன்றாகப் பிரிக்கலாம். ஒன்று உண்மையான குறை. இரண்டாவது, விவரம் தெரியாததால் வரும் சந்தேகம். மூன்றாவது, ஆதாரமில்லாத புரளி. மூன்றுக்கும் பதில் வேறு வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கோபப்படுவதுதான் பலரும் செய்கிற தவறு.

உண்மையான குறை

2003 அக்டோபரில் மும்பையில் கேட்பரி டெய்ரி மில்க் சாக்லேட்டில் புழு இருப்பதாகப் புகார் எழுந்தது. மகாராஷ்டிர மாநில உணவு மருந்து நிர்வாகத் துறை சரக்கைக் கைப்பற்றியது. நிறுவனத்தின் முதல் பதில் என்ன தெரியுமா? தொழிற்சாலையில் குறை இல்லை, கடைகளில் சரியாகப் பாதுகாக்காததுதான் காரணம் என்பதே! அதாவது பழி சில்லறை வியாபாரி தலையில் விழுந்தது. அப்படியானால் உறை ஏன் காக்கவில்லை என்று துறை திருப்பிக் கேட்டது. தீபாவளி விற்பனை நேரத்தில் அந்நிறுவனத்தின் வியாபாரம் ஏறத்தாழ 30 சதவீதம் சரிந்ததாகக் கூறப்பட்டது.

அதன் பிறகுதான் நிறுவனம் வழிக்கு வந்தது. 'விஸ்வாஸ்' என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கி, முக்கிய மாநிலங்களில் சுமார் 1,90,000 கடைக்காரர்களுக்குச் சரக்கைப் பாதுகாக்கும் முறையை விளக்கியது. 2004 ஜனவரியில் சாக்லேட்டை அலுமினியத் தாளில் காற்றுப் புகாதபடி ஒட்டி, அதன்மேல் இன்னோர் உறையும் போட்டு வெளியிட்டது. மக்கள் திரும்பி வந்தார்கள்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. பழியை அடுத்தவர் மேல் போடுகிற பதில் எடுபடுவதில்லை. குறை வந்த இடத்தை மாற்றிக் காட்டினால் மக்கள் மன்னிக்கிறார்கள். பருப்பில் வண்டு என்று ஒரு தாய் பையைக் கொண்டு வந்தால், "உங்க வீட்டு டப்பாவில் வந்திருக்கும்" என்று சொல்வதும் அந்நிறுவனத்தின் முதல் பதிலும் ஒன்றே. "கொடுங்கக்கா, மாத்தித் தர்றேன், அந்த மூட்டையையே எடுத்துப் பார்க்கிறேன்" என்று சொல்லி, அவர் கண் முன்னாலேயே மூட்டையை விற்பனையிலிருந்து ஒதுக்கி வைப்பதே முறையான பதில். மாற்றித் தரும் ஒரு கிலோ பருப்பின் விலை, இழக்கப்போகும் ஒரு மாத வியாபாரத்தின் முன் ஒன்றுமில்லை.

தெரியாமல் வரும் சந்தேகம்

2017-ல் 'பிளாஸ்டிக் அரிசி' என்ற பேச்சு ஆந்திரம், தெலங்கானா தொடங்கித் தமிழ்நாடு வரை பரவியது. சோற்றை உருட்டி எறிந்தால் பந்து போல் எழும்புகிறது என்றார்கள். மாவுச்சத்து உள்ள சோற்றை இறுக்கி உருட்டினால் எந்த அரிசியும் அப்படித்தான் எழும்பும். சில ஆண்டுகள் கழித்துச் செறிவூட்டப்பட்ட அரிசி ரேஷன் கடைகளுக்கு வந்தபோது அதே சந்தேகம் மறுபடியும் கிளம்பியது. அரிசி மாவோடு இரும்புச்சத்து, போலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி வடிவில் பிழிந்தெடுத்த மணிகளை, 100 மணிக்கு ஒன்று என்ற அளவில் சாதாரண அரிசியில் கலக்கிறார்கள். அந்த மணிகள் நிறத்திலும் எடையிலும் சற்று மாறுபட்டுத் தெரிவதால், பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறிந்தவர்கள் உண்டு.

இத்தகைய சந்தேகத்துடன் வருகிறவர் எதிரி அல்லர். கடையில் நின்று கேட்கிறாரே என்று மகிழ வேண்டும். விளக்கம் சொல்ல நமக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வீட்டிலேயே செய்து பார்க்கும் எளிய சோதனைகளை வெளியிட்டுள்ளது. டீத்தூளை நனைத்த உறிஞ்சு தாளில் தூவி, பிறகு தண்ணீரில் அலசினால், சாயம் போட்ட தூள் தாளில் கறை விடும். பச்சைப் பட்டாணியைத் தண்ணீரில் ஊற வைத்தால், சாயம் ஏற்றியது என்றால் தண்ணீர் பச்சையாகும். இவற்றைக் கடையிலேயே செய்து காட்டலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் தீர்கிற சந்தேகத்துக்கு ஒரு மணி நேர வாக்குவாதம் எதற்கு?

ஆதாரமில்லாத புரளி

2025 கோடையில் தர்பூசணிக்கு நேர்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். பழத்தில் ஊசி மூலம் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற செய்தியும் படங்களும் தமிழ்நாடெங்கும் பரவின. வாங்க ஆளில்லாமல் விலை சரிந்துவிட்டதாக விவசாயிகளும் வியாபாரிகளும் முறையிட்டனர். தோட்டக்கலைத் துறையினர் வயல்களுக்கே சென்று பழத்தை அறுத்துக் காட்டினர். அச்சமின்றிச் சாப்பிடலாம் என்று அதிகாரிகள் தரப்பிலும் விளக்கம் வந்தது. பழத்தின் சிவப்பு, லைகோபீன் என்ற இயற்கை நிறமியால் வருவது. ஊசியால் துளைத்த பழம் விரைவில் அழுகும். சாயமும் உள்ளே சீராகப் பரவாது. இவ்வளவு எளிய விளக்கம் மக்களிடம் சேர்வதற்குள் பலருக்குச் சீசனே கைநழுவிவிட்டது.

புரளிக்குப் பதில் தாமதமாக வந்தால் அது சரியான பதிலாக இருந்தும் பயனில்லை என்பதே இதில் கற்க வேண்டியது. மாம்பழத்துக்குப் பெயர்பெற்ற நம் மாவட்ட வியாபாரிகள் இதை மனதில் கொள்ள வேண்டும். கோடை வந்தாலே 'கல் வைத்துப் பழுக்க வைத்த பழம்' என்ற பேச்சும் வரும். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயுவைப் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை பயன்படுத்த அனுமதி உண்டு. நேர்மையாகப் பழுக்க வைப்பவர் எந்த அறையில், எந்த முறையில் பழுக்கிறது என்பதைச் சீசன் தொடங்கும்போதே எழுதித் தொங்கவிட்டால், பேச்சு வரும்முன் பதில் தயாராக இருக்கும். கல் வைக்கிற ஒருவரை நாம் கண்டும் காணாமல் விட்டால், அவர் கெடுப்பது நம் எல்லோருடைய பெயரையும்தான்.

ஆய்வுக்கூடம் சொல்லட்டும்

வாய்ப்பேச்சில் தீராத வழக்கு ஆய்வுக்கூடத்துக்குப் போகிறது. அங்கே நமக்குள்ள உரிமையைப் பலர் அறிவதில்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006-ன் 47-வது பிரிவின்படி அதிகாரி எடுக்கும் மாதிரி நான்கு பாகமாகப் பிரிக்கப்படுகிறது. ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகும். இரண்டு பாகம் நியமன அலுவலரிடம் பாதுகாப்பாக இருக்கும். நான்காவது பாகத்தை அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும்படி கடைக்காரர் கேட்கலாம், செலவு அவருடையது. இரண்டு முடிவுகளும் மாறுபட்டால் மேல் ஆய்வுக்கூடத்தின் முடிவே இறுதியானது. பகுப்பாய்வாளரின் அறிக்கை நமக்குப் பாதகமாக இருந்தால், அது கிடைத்த 30 நாட்களுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். பயந்துபோய் எதையும் கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவர் இந்த உரிமைகளைத் தாமே விட்டுக்கொடுக்கிறார்.

எந்த ஆய்வுக்கூடம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு மேகி நூடுல்ஸ் சான்று. 2015 ஜூனில் ஈயம் அதிகம் என்று நாடெங்கும் தடை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 13-ல் மும்பை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. நிறுவனத்தின் தரப்பை முறையாகக் கேட்கவில்லை, சோதனைகளும் உரிய அங்கீகாரமுள்ள ஆய்வுக்கூடங்களில் நடக்கவில்லை என்பது காரணம். அங்கீகாரம் பெற்ற மூன்று ஆய்வுக்கூடங்களில் மறுபடி சோதித்த பிறகு, நவம்பரில் சரக்கு கடைகளுக்குத் திரும்பியது.

பில்லே கவசம்

கர்நாடக எல்லையை ஒட்டிய நம் பகுதிக்குப் பெங்களூரிலிருந்தும் லாரி லாரியாகச் சரக்கு வருகிறது. "தெரிந்தவர் அனுப்பினார்" என்று பில் இல்லாமல் இறக்குவது வழக்கமாகிவிட்டால், குறை வரும் நாளில் நாம் தனியாக நிற்க வேண்டியிருக்கும். அதே சட்டத்தின் 26-வது பிரிவின்படி, உணவுப் பொருளை விற்கும் மொத்த வியாபாரி அதன் தன்மைக்கும் தரத்துக்கும் எழுத்துமூலம் உத்தரவாதம் தர வேண்டும். அவர் தரும் பில்லே உத்தரவாதமாகக் கருதப்படும். சில்லறைக் கடைக்காரர் எதற்குப் பொறுப்பு என்பதை 27-வது பிரிவு கூறுகிறது: காலாவதியானதை விற்பது, சுகாதாரமின்றி வைப்பது, தவறான லேபிள் உள்ளதை விற்பது, யாரிடம் வாங்கியது என்று காட்ட முடியாதது, கெட்டது என்று தெரிந்தே வாங்குவது. இவற்றுள் நான்காவதிலிருந்து தப்ப ஒரே வழி பில்.

தராசும் அப்படியே. எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை போட்டு, சான்றிதழை வாடிக்கையாளர் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும். எடை குறைவு என்று ஒருவர் சொன்னால், எடைக்கல்லை எடுத்து அவர் கையாலேயே தராசில் வைக்கச் சொல்லலாம்.

நோட்டீஸ் வந்தால்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நடைமுறைக்கு வந்த 2020 ஜூலை முதல், வாடிக்கையாளர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணமும் இல்லை. நோட்டீஸைக் கல்லாப்பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டு மறப்பது பெரும் ஆபத்து. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஆணையம் அதிகபட்சம் 15 நாள் கூடுதல் தரலாம். 45 நாளுக்கு மேல் நீட்டிக்க முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு பழைய சட்டத்தின் கீழ் தீர்ப்பளித்தது. புதிய சட்டத்திலும் அதே கால வரம்பு உள்ளது.

பொய்யாக அவதூறு பரப்பியவர் மேல் நாம் வழக்குப் போட முடியுமா? முடியும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் நல்லெண்ணத்தோடு உரிய அதிகாரியிடம் புகார் கொடுத்தவர் அவதூறு செய்தவர் ஆகமாட்டார். வாடிக்கையாளரைக் கோர்ட்டுக்கு இழுத்த கடை என்ற பெயர், வண்டு இருந்த பருப்பை விட அதிக நாள் ஊரில் நிற்கும். திட்டமிட்டுத் தொழிலைக் கெடுப்பவர் மேல் மட்டும், ஆதாரத்தோடு, சங்கத்தையும் வக்கீலையும் கலந்துகொண்டு இவ்வழியில் இறங்குவது நல்லது.

கல்லாவில் கடைப்பிடிக்க வேண்டியவை

குறை சொல்ல வந்தவரை முழுதாகப் பேச விட வேண்டும். நாலு பேர் முன் சொன்ன குறைக்கு நாலு பேர் முன்பே பதில் சொல்ல வேண்டும். பையன் விற்றான், எனக்குத் தெரியாது என்று கடைப் பையனைக் காட்டிக் கொடுக்கக் கூடாது. பக்கத்துக் கடைச் சரக்கை இழுத்துப் பேசக் கூடாது. அங்கே விழுந்த புள்ளி நாளை நம் மேலும் விழும். தேதி, பொருள், வாங்கிய இடம், செய்த பரிகாரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். ஒரே மண்டிச் சரக்கில் மூன்று குறை வந்தால் அந்த நோட்டே நமக்குச் சொல்லிவிடும், அடுத்த லோடு அங்கே வேண்டாம் என்று.

வாயால் சொல்லும் சமாதானத்தை வாடிக்கையாளர் பாதிதான் நம்புவார். ஒதுக்கி வைத்த மூட்டையையும், எடுத்துக் காட்டிய பில்லையும், முத்திரையிட்ட தராசையும் முழுதாக நம்புவார். இவை குறை வந்த அன்று புதிதாகத் தேடிக் கிடைப்பவை அல்ல. தினமும் கடை திறக்கும்போதே தயாராக இருக்க வேண்டியவை. நம் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் இந்த வாரமே பில் கோப்பையும் முத்திரைச் சான்றிதழையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.