எதிர்க்காற்றுக்கு மசியாத தட்டு எது தெரியுமா?

பந்தே இல்லாமல் கோல்ஃப் ஆடலாம், தெரியுமா? கையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. எத்தனை வீச்சில் தட்டு கூடைக்குள் விழுகிறது என்பதுதான் கணக்கு. பெயர் டிஸ்க் கோல்ஃப். இதற்கென்றே அமைந்த முதல் நிரந்தர மைதானம் 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் வந்தது. அமைத்தவர் எட் ஹெட்ரிக். ஃபிரிஸ்பியைச் சீராகப் பறக்கும்படி திருத்திக் காப்புரிமை வாங்கியவரும் இவரே! 2002-இல் இறந்த அவருடைய அஸ்தியைக்கூட, அவர் விருப்பப்படியே பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். பித்து என்றால் இதுவல்லவா பித்து!

சரி, காற்றுக்கு வருவோம். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்று ஒரு சிறு ஊர். சுற்றிலும் புல்வெளி, காற்றைத் தடுக்க அதிகம் எதுவும் கிடையாது. ஆனால் 2016, 2022 ஆண்டுகளின் உலக சாம்பியன்ஷிப் போட்டிகள் அங்கேதான் நடந்தன. பால் மெக்பெத் தம் ஆறாவது உலகப் பட்டத்தை 2022-இல் வென்றதும் அங்கேதான்.

மணிக்கு 90 கிலோமீட்டரில் வீசுகிறீர்கள். எதிரே 30 கிலோமீட்டரில் காற்று. தட்டு எவ்வளவு வேகத்தில் பறப்பதாக நினைக்கிறீர்கள்? தரைக்கு 90, ஆனால் தட்டுக்கு 120! காற்றின் விசையோ வேகத்தின் இருமடியில் ஏறும். தட்டைத் தூக்கும் விசை சுமார் 78 சதவீதம் கூடிவிடும். ஓங்கி வீசினால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்று தோள்பட்டையை முறுக்குகிறார்களே, அவர்கள் இந்தக் கூத்தை இன்னும் பெரிதாக்குகிறார்கள், அவ்வளவுதான். எதிர்க்காற்றில் நிதானமாக, தாழ்வாக, முன்விளிம்பு தூக்காமல் வீசுவதே புத்திசாலித்தனம்.

தூக்கினால் நல்லதுதானே என்கிறீர்களா? இங்கேதான் வேடிக்கை! வலக்கைக்காரர் புறங்கையால் வீசிய தட்டு மேலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில் சுழலும். சுழலும் பம்பரத்தை முன்னே தள்ளினால் அது பக்கவாட்டில் சாயுமே, அதே குணம் தட்டுக்கும் உண்டு. வேகமாகப் பறக்கையில் தூக்கும் விசை தட்டின் பின்பாதியில் விழும். தட்டு வலப்பக்கம் சாயும். இது டர்ன். வேகம் குறையக் குறைய அந்த விசை முன்பக்கம் நகரும். தட்டு இடப்பக்கம் வளைந்து இறங்கும். இது ஃபேட். எதிர்க்காற்று டர்னைப் பெருக்கிவிடுவதால், சாதாரண நாளில் நேராகப் போகும் தட்டு வலப்பக்கம் கவிழ்ந்து புதருக்குள் போய் விழும். அந்தச் சாய்வுக்கு மசியாத ரகம்தான் ஓவர்ஸ்டேபிள்.

தட்டின் முகத்திலேயே அதன் குணம் எழுதியிருக்கும், தெரியுமா? பெரும்பாலும் நான்கு எண்கள்: வேகம், மிதப்பு, டர்ன், ஃபேட். மிட்ரேஞ்ச் எனப்படும் நடுத்தூரத் தட்டுகளில் டிஸ்க்ராஃப்ட் நிறுவனத்தின் பஸ்ஸ் 5, 4, -1, 1. அமைதியான நாளில் இதற்கு இணையில்லை. எதிர்க்காற்றில் நம்ப முடியாது. இன்னோவா நிறுவனத்தின் ராக்3 என்றால் 5, 4, 0, 3. அவர்களுடைய கேட்டர் 5, 2, 0, 3. எம்போரியாவிலேயே வளர்ந்த டைனமிக் டிஸ்க்ஸின் ஜஸ்டிஸோ 5, 1, 0.5, 4 என்ற முரட்டுப் பிறவி!

எல்லோரும் நான்காவது எண்ணையே பார்க்கிறார்கள். நான் இரண்டாவதைப் பார்க்கச் சொல்வேன். மிதப்பு அதிகமான தட்டை எதிர்க்காற்று பலூன் மாதிரி மேலே ஏற்றிவிடும். ராக்3-உம் கேட்டரும் டர்னிலும் ஃபேட்டிலும் ஒன்றே. ஆனாலும் பலத்த காற்றில் என் ஓட்டு கேட்டருக்குத்தான், காரணம் அந்த 2. ஜஸ்டிஸ் வேண்டாம். மெதுவாக வீசுகிறவர் கையில் அது பத்தடி தாண்டுமுன்பே இடப்பக்கம் சரியப் பார்க்கும். புதியவர்களுக்கு ராக்3-ஏ போதுமான முரடு.

எண்ணை மட்டும் நம்பி வாங்கலாமா? கூடாது! ஒரே அச்சில் வார்த்த தட்டுகளே ஒன்றுபோல் பறக்காது. கடையில் இரண்டைக் கையில் எடுங்கள். மேசைமேல் வைத்துக் கண்மட்டத்தில் குனிந்து பாருங்கள். விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஓடும்; அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடம் அது. அந்தக் கோடு உயரமாக இருக்கும் தட்டே பெரும்பாலும் காற்றுக்கு மசியாதது. பிறகு விளிம்பின் அடியில் விரலை ஓட்டுங்கள். சில அச்சுகளில் சிறு வரப்பு ஒன்று தட்டுப்படும், அதுவும் நல்ல சகுனம். எடையிலும் கஞ்சத்தனம் வேண்டாம். விதிப்படி விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம் வரை அனுமதி, 21.7 செ.மீ. தட்டு 180 கிராம் வரை போகலாம்.

இதைக் கேளுங்கள்: அடிபட அடிபடத் தட்டின் குணமே மாறும்! மரத்திலும் சங்கிலியிலும் மோதி விளிம்பு மழுங்கினால் பிடிவாதம் குறைந்து நேராகப் பறக்கத் தொடங்கும். அதனால்தான் பழைய ஆட்டக்காரர்கள் ஒரே ராக்கில் புதியது, பழகியது, தேய்ந்தது என்று மூன்று நான்கு சுமப்பார்கள். 12 முறை உலக சாம்பியனான கென் கிளைமோவின் முதலெழுத்துகளோடு ஒரு ராக் ரகமே உண்டு. காற்றுக்கென ஒன்றைத் தனியே வைத்துக்கொள்கிறவர்கள் கெட்டியான பிளாஸ்டிக்கில் வாங்குவது நல்லது. அது எளிதில் தேயாது.

பக்கக்காற்று இன்னொரு குறும்புக்காரன். இடம் சாய்ந்த தட்டை வலமிருந்து வரும் காற்று அடியில் புகுந்து தூக்கிச் செல்லும்; இடமிருந்து வந்தால் தலையில் அடித்துத் தரையில் அமுக்கும்.

காற்று முதுகில் அடித்தால்? கணக்கே தலைகீழ்! அதே 90-இல் வீசினால் தட்டுக்குக் கிடைப்பது 60. தூக்கும் விசை காற்றில்லாத நாளில் இருப்பதில் பாதிகூடத் தேறாது. கேட்டர் கல்லாய் விழும். நெவாடா பாலைவனத்தில் 2016-இல் டேவிட் விகின்ஸ் ஜூனியர் காற்றின் துணையோடு 338 மீட்டர் வீசிச் சாதனை படைத்தாரே, அதற்கு அவர் எடுத்தது டிரைவர் எனப்படும் நெடுந்தூர ரகத் தட்டு. பின்காற்று அடிக்கும் நாளில் முரட்டுத் தட்டு பைக்குள்ளேயே கிடக்கட்டும், பஸ்ஸை எடுங்கள்.