வாசற்கதவுப் பூட்டு இறுகுதல்

வாசற்கதவுப் பூட்டு இறுகுதல் என்பது, சரியான சாவியைப் போட்டும் அது திரும்பாமல் நிற்பது அல்லது பூட்டின் நாக்கு உள்ளே போகாமல் சிக்கிக்கொள்வது ஆகும். பழுது பூட்டில் இருக்கிறதா, கதவில் இருக்கிறதா என்று முதலில் அறிந்துகொண்டால், பெரும்பாலும் பூட்டை உடைக்காமலே சரிசெய்யலாம்.

பூட்டின் அமைப்பு

வீட்டுப் பூட்டுகளில் இருவகை மிகுதி. லீவர் பூட்டில், சாவியின் பற்கள் உள்ளிருக்கும் தகடுகளை உரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் நாக்கு நகரும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு லீவர் அமைப்புக்குப் பெயர்பெற்றது. உருளைப் பூட்டில், சாவி பட்டதும் சிறு ஊசிகள் ஒரே மட்டத்துக்கு வந்து உருளையைச் சுழலவிடும். இதன் இன்றைய வடிவத்துக்கு அமெரிக்கரான இளைய லினஸ் யேல் 1860-களில் காப்புரிமை பெற்றார். இரண்டிலும் இடைவெளி மிகக் குறைவு. எனவே சிறிது தூசி சேர்ந்தாலும் இயக்கம் தடைபடும்.

காரணங்கள்

- தூசி: பீங்கான் தொழில் நடக்கும் விருத்தாசலம் போன்ற ஊர்களில் களிமண் தூளும் இதில் சேரும்.
- ஈரம்: அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் மரக்கதவு உப்பி, நாக்கு நிலையில் உரசும். இரும்புப் பாகங்கள் துருப்பிடிக்கும்.
- கீல் தளர்ந்து கதவு இறங்குதல்.
- சாவி தேய்தல் அல்லது வளைதல்.

கண்டறியும் முறை

கதவைத் திறந்து வைத்துச் சாவியைத் திருப்ப வேண்டும். அப்போது எளிதாகத் திரும்பினால் பழுது கதவிலோ நிலையிலோ உள்ளது. அப்போதும் இறுகினால் பழுது பூட்டில் அல்லது சாவியில் உள்ளது. மாற்றுச்சாவி எளிதாகத் திருப்பினால் பழைய சாவிதான் தேய்ந்துள்ளது.

சரிசெய்தல்

1. கதவு மூடியிருந்தால், கைப்பிடியைப் பிடித்துக் கதவைத் தூக்கியோ, இழுத்தோ, அழுத்தியோ சாவியை மெல்லத் திருப்பலாம்.
2. சாவித்துளைத் தூசியை ஊதி அகற்றியபின் சிறிது கிராபைட் பொடி இடலாம். அது கிடைக்காதபோது, சாவியின் பற்களில் பென்சில் முனையைத் தேய்த்துப் பலமுறை போட்டு எடுக்கலாம்.
3. கீல் திருகுகளை இறுக்கலாம். நாக்கு நுழையும் தகட்டின் துளையை அரத்தால் சற்று அகலப்படுத்தலாம்.
4. மழைக்காலத்தில் கதவை அவசரப்பட்டு இழைக்கக் கூடாது. கோடையில் மரம் சுருங்கும்போது இடைவெளி விழும்.

தவிர்க்க வேண்டியவை

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் ஆகியவற்றைச் சாவித்துளையில் விடும் வழக்கம் உண்டு. முதலில் இளகியதுபோல் தோன்றினாலும், நாளடைவில் எண்ணெய் தூசியுடன் சேர்ந்து பிசுபிசுத்துப் பூட்டை மேலும் இறுக்கும். குறடு கொண்டு சாவியைத் திருகினால் அது உள்ளேயே முறியலாம்.

பாதுகாப்பு

சாவியை உட்புறம் பூட்டிலேயே விட்டுவைத்தால், பல பூட்டுகளை வெளியிலிருந்து திறக்க இயலாது. முதியவர் தனித்திருக்கும் வீட்டில் இது ஆபத்தானது. குழந்தையோ நோயாளியோ உள்ளே சிக்கிக்கொண்டால், பழுதுபார்ப்பதில் நேரம் போக்காமல் 112 அல்லது தீயணைப்புத் துறையின் 101 எண்ணை அழைக்க வேண்டும். பூட்டைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம்.