சைக்கிளுக்குப் பின்னால் ஸ்பிரிங்! காலுக்கு லாபமா? நஷ்டமா?

கொரட்டூரில் என் தங்கை வீடு இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். வாசலில் கால் வைத்ததும் மருமகன் ஓடி வந்தான்.

"மாமா! எனக்கு ஷாக் வைத்த சைக்கிள்தான் வேண்டும். அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள்!" என்றான்.

பையன் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடம் 3 கிலோ மீட்டர். சைக்கிள் வாங்க என் தங்கை சீட்டு எடுத்து, பணத்தைத் தயாராக வைத்திருந்தாள்.

"பின்னாலே ஸ்பிரிங் வைத்த சைக்கிளுக்கு விலை கூட, அண்ணே. வாங்கினால் உழைக்குமா? கேட்டுச் சொல்லுங்கள்" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆகவே விசாரித்தேன். விசாரித்தால், அந்த ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு பெரிய கதையே இருக்கிறது!

அம்பத்தூர் சைக்கிள்

கொரட்டூரில் ரயில் ஏறினால் அடுத்தது பட்டரவாக்கம். அதற்கு அடுத்தது அம்பத்தூர். சைக்கிளால் பெயர் பெற்ற ஊர் அது.

1949-ம் ஆண்டு முருகப்பா குடும்பத்தாரும், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியும் சேர்ந்து அங்கே டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியைத் தொடங்கினார்கள். ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்கள் வீட்டுக்கு வீடு தெரிந்தவை. அந்த இங்கிலாந்துக் கம்பெனியின் தலைவராக இருந்தவர் சர் ஐவன் ஸ்டெட்போர்டு. அம்பத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்து ஹெர்குலிஸை நினைத்துப் பாருங்கள். கனமான இரும்புச் சட்டம். ஸ்பிரிங் என்றால் சீட்டுக்கு அடியில் இருக்கும் சுருள் மட்டும்தான். பள்ளத்தில் விழுந்தால் இடுப்பு வலிக்கும். ஆனால் ஒரு நன்மை உண்டு. சட்டம் ஆடாது. மிதித்த மிதி அப்படியே சக்கரத்துக்குப் போகும்.

1962-ல் இங்கிலாந்தில் அலெக்ஸ் மோல்டன் என்ற என்ஜினீயர் ஒரு புது சைக்கிளைக் கொண்டு வந்தார். 'மினி' காருக்கு ரப்பர் சஸ்பென்ஷன் செய்து கொடுத்தவர் அவர். சின்னச் சக்கரம். முன்னாலும் குலுக்கல் தாங்கி, பின்னாலும் குலுக்கல் தாங்கி. பின்னால் வைத்தது ஸ்பிரிங் அல்ல, ரப்பர்! ஊருக்குள் ஓட்டுவதற்கான சைக்கிள் அது. மலையில் ஓட்டுவதற்கு அல்ல.

மலை சைக்கிள் பிறந்தது அமெரிக்காவில். 1976-ல் கலிபோர்னியாவில் டமால்பயஸ் மலைப் பக்கத்தில் சில வாலிபர்கள் பழைய சைக்கிள்களை எடுத்துக்கொண்டு மண் பாதையில் சரிவாக இறங்கிப் பந்தயம் விட்டார்கள். பின் சக்கரத்து அச்சுக்குள்ளேதான் பிரேக். இறங்கி முடிப்பதற்குள் அது கொதித்து, உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து போகும். ஒவ்வொரு தடவையும் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்துவிட்டது. மறுபடியும் அடை என்று அர்த்தம்!

அந்தக் குலுக்கலைத் தாங்கத்தான் பிற்பாடு மலை சைக்கிளில் முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் வைத்தார்கள்.

விஷயம் கீலில் இருக்கிறது

கொரட்டூர் ஸ்டேஷன் பக்கத்தில் வயதான சைக்கிள் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போனோம்.

"ஸ்பிரிங்கைப் பார்க்காதே, தம்பி. கீலைப் பார்!" என்றார்.

கதவுக்குக் கீல் இருக்கிறது அல்லவா? பின் ஸ்பிரிங் சைக்கிளிலும் அப்படித்தான். சட்டம் இரண்டு துண்டு. பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் துண்டு ஒரு கீலில் மேலும் கீழும் ஆடும். நடுவில் ஸ்பிரிங். அந்தக் கீலை எங்கே வைப்பது, எத்தனை வைப்பது என்பதில்தான் கம்பெனிகளுக்குள் போட்டி.

ஏன் அதில் இவ்வளவு கஷ்டம்? பஸ் கிளம்பும்போது நிற்கிறவர்கள் பின்னால் சாய்கிறார்கள் அல்லவா? பெடலை மிதிக்கும்போதும் அதுதான் நடக்கிறது. உடம்பின் பாரம் பின்னால் போகிறது. ஸ்பிரிங் அமுங்குகிறது. அடுத்த மிதிக்கு மறுபடி அமுங்குகிறது. சக்கரத்துக்குப் போக வேண்டிய பலத்தில் ஒரு பங்கை ஸ்பிரிங் தின்றுவிடுகிறது!

இதற்கு ஒரு தந்திரம் உண்டு. கீலைச் சற்று உயர்த்தி வைத்தால், செயின் இழுக்கும் இழுப்பு பின் சக்கரத்தைத் தரையில் அழுத்தும். ஸ்பிரிங் அமுங்குவது குறையும். ஆனால் ரொம்ப உயர்த்தினாலும் ஆபத்து. கல்லில் ஏறிச் சக்கரம் மேலே எழும்பும்போது செயின் இறுகி, பெடலைப் பின்னால் இழுத்து உதைக்கும். கூட்டினாலும் தொல்லை, குறைத்தாலும் தொல்லை.

ஒரு கீல், நாலு கீல்

ஒற்றைக் கீல்தான் எல்லாவற்றிலும் எளியது. நம் புல்லட் மோட்டார் சைக்கிளைப் பாருங்கள். பல வண்டிகளுக்குப் பின்னால் ஸ்பிரிங்கே இல்லாத காலத்தில், 1949-ல் ராயல் என்பீல்டு கம்பெனி புல்லட்டுக்கு ஆடும் கையை வைத்தது. 1955 முதல் அந்த வண்டி சென்னையிலேயே தயாராயிற்று. மலை சைக்கிளின் ஒற்றைக் கீலும் அதே ஜாதிதான். பழுது குறைவு. கிரீஸ் வைப்பது சுலபம். ஆனால் பின் பிரேக்கை அழுத்தினால் ஸ்பிரிங் இறுகிப்போகும். சரிவில் கல் மேல் இறங்கும்போது பின் சக்கரம் தடதடக்கும். என்ஜின் வண்டிக்கு ஸ்பிரிங் கொஞ்சம் பலம் தின்றால் பரவாயில்லை. மனிதன் கால் என்ஜின் அல்லவே!

1990-களில் ஜான் காஸ்டலானோ என்ற அமெரிக்கர் வேறு வழி கண்டார். பெடலையே ஆடும் துண்டில் பொருத்திவிட்டார். பெடலும் பின் சக்கரமும் ஒரே துண்டு. செயின் தொல்லை தீர்ந்தது. எழுந்து நின்று மிதித்தால் ஸ்பிரிங் தானாகவே இறுகிக்கொள்ளும். மேடு ஏற அருமை!

ஆனால் சரிவில் இறங்கும்போது எல்லோரும் எழுந்து நின்றுதானே ஓட்டுகிறார்கள்? குலுக்கல் தாங்கி வேண்டிய நேரத்தில் அது வேலை செய்யாது! சில ஆண்டுகளில் அந்த மாதிரி மறைந்து போயிற்று. நல்ல மூளைதான். ஆனால் மேட்டில் வைத்த கவனத்தைப் பள்ளத்தில் வைக்கவில்லை.

அடுத்தவர் ஹார்ஸ்ட் லைட்னர். ஆஸ்திரியாக்காரர். மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். அமெரிக்காவில் குடியேறியவர். பின் சக்கரத்து அச்சுக்குச் சற்று முன்னால், கீழ்க் கம்பியில் இன்னொரு கீலை வைத்தார். அவ்வளவுதான்! சக்கரமும் பிரேக்கும் மேல் கம்பியைச் சேர்ந்துவிட்டன. பிரேக் பிடித்தாலும் ஸ்பிரிங் முன்னைப்போல் இறுகவில்லை. தாராளமாக ஆடிற்று.

அந்தக் கீலுக்கு அவர் காப்புரிமை வாங்கினார். பிற்பாடு ஸ்பெஷலைஸ்டு என்ற பெரிய கம்பெனி அதை விலைக்கு வாங்கிற்று. மற்றக் கம்பெனிகள் அனுமதி வாங்காமல் அமெரிக்காவில் அந்த இடத்தில் கீல் வைக்க முடியவில்லை. சில கம்பெனிகள் என்ன செய்தன தெரியுமா? கீலை அச்சுக்கு மேலே நகர்த்தி வைத்தன! பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் சக்கரம் மறுபடியும் கீழ்க் கம்பிக்குச் சொந்தமாகிவிடுகிறது. அதன் ஓட்டம் பழைய ஒற்றைக் கீல் ஓட்டம்தான். ஒரு சாண்கூட இல்லாத இடைவெளி செய்யும் வேலை இது! அமெரிக்கக் காப்புரிமை 2013-ல் முடிந்தது. பிறகு பல கம்பெனிகள் அதே இடத்துக்கு வந்துவிட்டன.

இன்னொரு வகை, இரண்டு குட்டைக் கைகளால் பின் துண்டைச் சட்டத்தோடு இணைப்பது. சாண்டா குரூஸ் கம்பெனி ஒரு விதமாகச் செய்கிறது. டேவ் வீகிள் என்ற என்ஜினீயர் வேறு விதமாகச் செய்தார். மிதிக்கும்போது உறுதி, கல்லில் ஏறும்போது மெத்து. இரண்டையும் தருகிறது. ஆனால் தாங்கு குண்டுகள் அதிகம். சேறும் தூசியும் புகுந்தால் செலவும் அதிகம்.

இப்படிப்பட்ட நல்ல சைக்கிள்களுக்கு ஸ்பிரிங்கோடு எண்ணெய்க் குழாயும் உண்டு. சிலவற்றில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று அடைத்திருக்கும். ஆள் ஏறி உட்கார்ந்தால், அமுங்கக்கூடிய தூரத்தில் சுமார் நாலில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். அவரவர் எடைக்குத் தக்கபடி காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். விலையோ ஒரு லட்சத்தைத் தாண்டும்!

ஏரிக்கரையில் பரீட்சை

எதிர்வீட்டுப் பையனிடம் பின் ஸ்பிரிங் சைக்கிள் ஒன்று இருந்தது. மலிவு விலை. ஒற்றைக் கீல். எண்ணெய்க் குழாய் இல்லை, வெறும் சுருள்.

கடைக்காரர் சீட்டை இரண்டு கையாலும் அழுத்திவிட்டார். எண்ணெய் இருந்தால் ஒரு தடவை எழும்பி நிற்கும். இது பந்துபோல் மூன்று தடவை துள்ளிற்று. பிறகு பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தார். கீல் 'டக் டக்' என்றது. புஷ் தேய்ந்திருக்கிறது! தூக்கிப் பார்த்தேன். நல்ல கனம்.

மருமகன் அதில் ஏறி ஏரிக்கரைப் பக்கம் ஒரு சுற்றுப் போனான். பிறகு கடைக்காரரின் சாதா சைக்கிளில் அதே சுற்று. திரும்பி வந்து மூச்சு வாங்கினான்.

"முதல் சைக்கிள் வேகத்தடையில் மெத்தென்று இருக்கிறது, மாமா. ஆனால் மிதிக்க மிதிக்க ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. சாதா சைக்கிள்தான் ஓடுகிறது" என்றான்.

சொன்னானே தவிர, முகத்தில் வாட்டம். அவன் வயசில் எனக்கு மட்டும் ஆசை இல்லையா? நீலகிரி மண் பாதையில் இறங்குகிறவனுக்கு நாலு கீல் சைக்கிள் வாங்கிக் கொடுக்க வேண்டியதுதான். கொரட்டூரிலிருந்து பள்ளிக்கூடம் போகிறவனுக்கு, வெறும் சுருள் வைத்த ஒற்றைக் கீல் எதற்கு?

வீட்டுக்கு வந்தோம். என் தங்கைக்கு ஒரு பெண்ணும் உண்டு. மூன்றாம் வகுப்பு. அண்ணன் பின்னால் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடம் போக வேண்டும். அது கேட்டது:

"மாமா! அந்த ஷாக் சைக்கிளில் கேரியர் எங்கே?"

உண்மைதான். பின் சக்கரம் மேலும் கீழும் ஆடுகிற சைக்கிளில் சாதா கேரியரை மாட்ட முடியாது. நாலு கீல், எட்டுக் கீல் என்று நாங்கள் பேசினோம். இதை ஒருவரும் யோசிக்கவில்லை!

மறுவாரமே சைக்கிள் வந்துவிட்டது. சாதா சைக்கிள். பின்னால் நல்ல கெட்டிக் கேரியர். மீதிப் பணத்தில் இரண்டு மழைக்கோட்டும் வாங்கியிருக்கிறாள் என் தங்கை. மருமகன் மட்டும் பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு சைக்கிள் படம் போட்டு வைத்திருக்கிறான். பார்த்தேன். கீல் சரியாக அச்சுக்கு முன்னால்தான் இருக்கிறது!