கலைமன்றத்துக்குத் தன்னார்வலர்: அழைப்பதும் பழக்குவதும்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் பல ஊர்களில் தருமராசர் கோயில் பாரத விழா இன்றும் நடைபெறுகிறது. பகலில் பாரதக் கதை, இரவில் விடிய விடியக் கூத்து, நிறைவு நாளில் துரியோதனன் படுகளம், மாலையில் தீமிதி. தமிழக எல்லையை ஒட்டிய விஜயபுரம் பகுதியில் வாழும் நமக்கு இது புதிய செய்தியன்று. மேடை அமைப்போர், விளக்குக் கட்டுவோர், கலைஞர்க்கு உணவு சமைப்போர், நன்கொடை திரட்டுவோர் எனப் பெரும்பாலோர் ஊதியம் கருதாத ஊராரே. தன்னார்வலர் என்னும் சொல் புதிது, செயல் பழையது.

முன்பு இன்ன பணி இன்ன குடும்பத்தது என்னும் வழக்கம் இருந்தது. இன்று இளைஞர் வேலைக்காகச் சென்னைக்கும் ஸ்ரீசிட்டிக்கும் செல்கின்றனர். எனவே கலைமன்றங்கள் ஆட்களைத் தேடிச் சேர்க்கவும் பழக்கவும் வேண்டியுள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கலைமன்றத்தின் இளம் பொருளாளர் எமது கிளைக்கு வந்தார். கணக்கை இயக்குவோர் பட்டியலிலிருந்து தம் பெயரை நீக்கக் கோரினார். மூன்று ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று நன்கொடை திரட்டியவர் அவர். விளக்கு வாடகைக்கும் அரிசிக்கும் செலவிட்ட தொகைக்குச் சீட்டு இல்லை. எவரும் நேரில் குற்றஞ்சாட்டவில்லை, முணுமுணுப்பே போதுமானதாயிற்று. அவருடன் நண்பர் நால்வரும் விலகினர். அவர்க்குக் கலை மீது பற்றுக் குறையவில்லை. மன்றத்தில் முறைமை இல்லாததே அவரை வெளியேற்றியது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்நிகழ்ச்சியே.

பணியை வரையறுத்தல்

‘மன்றத்துக்கு உதவ வாருங்கள்’ என்னும் பொது அழைப்புக்கு யாரும் எளிதில் முன்வருவதில்லை. ‘பத்து நாள், மாலை ஆறு முதல் எட்டு வரை, ஒலிபெருக்கியைக் கவனிக்க ஒருவர் தேவை’ என்றால் தம்மால் இயலுமா என ஒருவர் முடிவு செய்ய முடியும். முதலில் பணிகளைப் பட்டியலிடுக. ஒவ்வொன்றுக்கும் வேண்டிய நேரத்தையும், யாரிடம் கேட்டுச் செய்வது என்பதையும் எழுதுக. வெளியூரில் பணிபுரிவோர்க்குச் சுவரொட்டி வடிவமைத்தல், கணக்கைக் கணினியில் ஏற்றுதல் போன்றவற்றை ஒதுக்கலாம்.

நேரில் அழைத்தல்

அறிவிப்பைப் படித்து வருவோரினும், அறிந்தவர் நேரில் கேட்டதால் வருவோரே மிகுதி. ஓய்வுபெற்ற ஆசிரியர், மகளிர் குழு உறுப்பினர், கல்லூரி மாணவர் ஆகியோரை அவரவர் திறமையைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். நம் பகுதியில் தமிழ், தெலுங்கு இரண்டிலும் அழைப்பு இருத்தல் நன்று.

உடனிருந்து பழக்குதல்

தில்லி ஐ.ஐ.டி. பேராசிரியர் கிரண் சேத் 1977-இல் தொடங்கிய ‘ஸ்பிக் மேகே’ இயக்கம், செவ்வியல் இசையையும் நடனத்தையும் கல்வி நிலையங்களுக்கு இலவசமாகக் கொண்டு செல்கிறது. அதன் பணிகளைப் பெரும்பாலும் மாணவர்களும் ஆசிரியர்களுமே தன்னார்வலராக நடத்துகின்றனர். படிப்பு முடிந்ததும் மாணவர் வெளியேறிவிடுவர். எனவே மூத்தவர் இளையவரைப் பழக்காவிடில் பணி நின்றுவிடும்.

நம் கலைமன்றங்களும் இதனைக் கைக்கொள்ளலாம். புதியவர் முதலாண்டில் அனுபவமிக்க ஒருவருடன் இணைந்து பணியாற்றட்டும். இரண்டாம் ஆண்டில் தாமே பொறுப்பேற்கட்டும். மூன்றாம் ஆண்டில் மற்றொருவர்க்குக் கற்பிக்கட்டும். கலைஞரை வரவேற்கும் முறை, ஒப்பனை அறையின் ஒழுங்கு, தீமிதிக் களத்தின் பாதுகாப்பு ஆகியவற்றைப் பேச்சால் மட்டும் கற்பிக்க இயலாது. களத்தில் காட்டியே கற்பிக்க வேண்டும்.

பணத்தில் தெளிவு

தன்னார்வலரின் நற்பெயரைக் காப்பது மன்றத்தின் கடமை. ஆந்திரப் பிரதேசச் சங்கங்கள் பதிவுச் சட்டம், 2001-இன்படி ஏழு பேர் இணைந்து சங்கத்தைப் பதிவு செய்யலாம். பதிவுச் சான்றிதழ், துணைவிதிகள், பான் அட்டை, கணக்கை இயக்குவோர் குறித்த தீர்மானம், அவர்களின் அடையாள, முகவரி ஆவணங்கள் ஆகியவற்றுடன் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கலாம். அதன்பின் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்குமாறு பரிந்துரைக்கிறோம்:

• பணம் எடுக்க இருவர் கையொப்பம் கட்டாயம் என விதி செய்க.
• நன்கொடை பெறும் கியூஆர் குறியீடு சங்கக் கணக்கினுடையதாகவே இருக்கட்டும், தனிநபருடையது வேண்டா.
• தொடர் எண் இட்ட ரசீதுப் புத்தகங்களை வழங்கி, விழா முடிந்ததும் அடிக்கட்டைகளைத் திரும்பப் பெறுக.
• ரொக்க வசூலை மறுநாளே வங்கியில் செலுத்துக. சில்லறைச் செலவுக்கு ஓர் உச்சவரம்பு வகுத்துச் சீட்டுடன் கணக்கெழுதுக.
• விழா முடிந்த பதினைந்து நாளுக்குள் வரவு செலவைக் கோயில் முன்றிலில் ஒட்டுக.

இவை ஐயத்தால் பிறந்த விதிகள் அல்ல. திரட்டியவரை எவரும் ஐயுற இடமில்லாமல் செய்யும் கவசங்கள்.

நிறைவாக, விழா முடிந்தபின் பணியாற்றிய அனைவரையும் ஒருநாள் அழைத்து, எது இடையூறாயிற்று எனக் கேட்டறிக. பெயர் சொல்லி நன்றி கூறுக. அடுத்த ஆண்டுக்கான சேர்ப்பு அன்றே தொடங்கிவிடும். அன்று பெயரை நீக்கச் சொன்ன இளைஞர்க்கு மன்றம் ஒரு ரசீதுப் புத்தகம் தந்திருந்தால், இன்று அவரே புதியவர்களைப் பழக்கிக் கொண்டிருப்பார்.