"நாங்க சுத்த சைவம், டாக்டர்!"

சி.டி. ஸ்கேன் படத்தில், மூளையின் மேற்பரப்பை ஒட்டி, சுண்டைக்காய் அளவில் ஒரு வெள்ளை வளையம். அதைச் சுற்றிக் கொஞ்சம் வீக்கம். இரண்டு நாள் முன்பு பள்ளியில் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. அதற்கு முன் ஒரு நோய் நொடியும் இல்லை. "நாடாப்புழுக் கட்டி" என்று மருத்துவர் சொன்னதும் பெற்றோர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை பெரும்பாலும் இதுதான்: "நாங்க சுத்த சைவம், டாக்டர்!"

அந்தப் பதிலில் திகைப்பு இருக்கிறது. கொஞ்சம் அவமானமும் இருக்கிறது. பன்றிக்கறி தின்பவர்களுக்கு வருகிற நோய் நம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்கிற அவமானம். இந்த எண்ணத்தில் பாதி உண்மை இருப்பதால்தான் இது இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டால் நோயும் புரியாது, தடுக்கவும் முடியாது.

இந்தப் புழு மனித உடலில் இரண்டு விதமாகக் குடியேறும். பன்றியின் தசைக்குள் அரிசிமணி போன்ற சிறு நீர்க்கட்டிகளாக இதன் இளம்புழு இருக்கும். அந்தக் கறியைச் சரியாக வேகவைக்காமல் தின்றால், கட்டியிலிருந்து வெளிவரும் புழு குடலில் ஒட்டிக்கொண்டு சில மீட்டர் நீள நாடாவாக வளரும். ஆளுக்குப் பெரிதாக ஒரு தொந்தரவும் தெரியாது. எப்போதாவது மலத்தில் வெள்ளையாக, தட்டையாக ஒரு துண்டு போகும், அவ்வளவுதான். ஆனால் முதிர்ந்த துண்டு ஒவ்வொன்றிலும் சுமார் 50,000 முட்டைகள் இருக்கும். திறந்தவெளியில் கிடக்கும் அந்த மலத்தைப் பன்றி தின்றால், முட்டை பொரிந்து அதன் தசையில் மறுபடியும் கட்டியாகும். இயற்கை போட்ட சுற்று இதோடு முடிகிறது.

அந்த முட்டையைப் பன்றிக்குப் பதில் மனிதன் விழுங்கிவிட்டால்தான் விபரீதம். பன்றிக்கு நேர வேண்டியது நமக்கு நேர்கிறது. குடலில் பொரிந்த குஞ்சு ரத்தத்தில் கலந்து தசைக்கும், கண்ணுக்கும், மூளைக்கும் போய்க் கட்டியாக உட்கார்ந்துகொள்கிறது. ஆக, வேகாத பன்றிக்கறி கொடுப்பது குடல் புழுவை மட்டும். மூளைக் கட்டியைக் கொடுப்பது, குடலில் புழு உள்ள ஒருவரின் மலம் பட்ட கை, தண்ணீர், கழுவாத கீரை, கொத்துமல்லி. அந்த ஒருவர் சமையல் செய்பவராகவோ, பிள்ளைக்குச் சோறு ஊட்டுபவராகவோ இருந்தால் சாப்பிடுகிறவர் சைவமா அசைவமா என்பது ஒரு பொருட்டே இல்லை. (மாட்டுக்கறி வழியாக வரும் நாடாப்புழு வேறு வகை. அது குடலோடு சரி, மூளைக்குப் போவதில்லை.)

இதற்கு உலகம் அறிந்த சாட்சி ஒன்று உண்டு. 1992-இல் நியூயார்க்கில், பன்றிக்கறியைத் தொடவே தொடாத ஆசாரமான யூதக் குடும்பங்களைச் சேர்ந்த நான்கு பேருக்கு மூளையில் இந்தக் கட்டி இருப்பதாக மருத்துவ இதழ் ஒன்றில் அறிக்கை வந்தது. தேடிப் பார்த்தால், லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்து அந்த வீடுகளில் வேலை பார்த்தவர்கள் வழியாகப் பரவியிருந்தது. வேலைக்காரர்களைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. தன் குடலில் புழு இருப்பது அவர்களுக்கே தெரியாது. தெரிந்துகொள்ள வாய்ப்பும் யாரும் தரவில்லை.

வெப்பமண்டல நாடுகளில் மூளையைத் தாக்கும் தொற்றுகளுக்குப் பஞ்சமில்லை. மூளை மலேரியா, காசநோய் மூளைச்சவ்வு அழற்சி, வெறிநாய்க்கடி, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எல்லாம் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை காய்ச்சலோடு வந்து ஆளைப் படுக்கவைக்கும், ஊரே பேசும். நாடாப்புழுக் கட்டி காய்ச்சல் இல்லாமல் வரும். முட்டை உள்ளே போய்ச் சில ஆண்டுகள் கழித்து, கட்டி சாகத் தொடங்கும்போதுதான் பெரும்பாலும் வலிப்பைக் கிளப்பும். இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் பலருக்கு ஊர் போய்ப் பல ஆண்டுகள் கழித்து வலிப்பு வந்தது. அப்படிப்பட்ட 450 பேரின் விவரம் 1961-இல் அங்கே வெளியானது. ஆட்டம் முடிந்து ஆள் வீடு போய்ச் சேர்ந்தபின் வரும் நோய் என்பதால் காரணத்தையும் காரியத்தையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், இந்தப் புழு நிலைகொண்ட பகுதிகளில் வலிப்பு நோயில் சுமார் 30 சதவீதத்துக்கு இதுவே காரணம்.

முடிச்சைப் போட்டவர்கள் வேலூர்க்காரர்கள். சி.டி. ஸ்கேன் நம் ஊருக்கு வந்த புதிதில், வலிப்பு வந்தவர்களின் மூளையில் ஒற்றைச் சிறு கட்டி அடிக்கடி தெரிந்தது. இந்தியாதானே, காசநோய்க் கட்டியாகத்தான் இருக்கும் என்று பலருக்கும் மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை கொடுக்கப்பட்டது. கட்டி மறைந்தது, மருந்து வேலை செய்ததாக எல்லோரும் நம்பினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலிய மருத்துவர்கள் அந்தக் கட்டிகளை அறுவைசெய்து எடுத்துச் சோதித்தார்கள். பலவற்றில் இருந்தது காசநோய் அல்ல, செத்துக்கொண்டிருந்த நாடாப்புழுக் கட்டி. 1980-களின் கடைசியில் இது வெளிவந்தது. எந்தக் கட்டிக்கு எந்த வைத்தியம் என்று பிரித்தறிய அவர்கள் வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. தேவையில்லாத டி.பி. மருந்திலிருந்தும் மூளை அறுவையிலிருந்தும் எத்தனையோ பேரை அது காப்பாற்றியது. பின்னர் அதே குழுவினர் வேலூர் வட்டாரத்தில் 50,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கணக்கெடுத்தபோது, தொடர் வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுவின் தடயம் கிடைத்தது. 2006-இல் வெளியான ஆய்வு இது.

இந்தோனேசியாவின் பப்புவா மலைப்பகுதியில் 1970-களின் தொடக்கத்தில் நடந்தது இதைவிட உருக்கமானது. பனியாய் ஏரிகளின் பக்கத்தில் வாழும் மக்கள் திடீரென்று கடும் தீக்காயங்களோடு மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். குளிருக்கு வீட்டின் நடுவே நெருப்பு மூட்டித் தூங்குவது அவர்கள் வழக்கம். தூக்கத்தில் வலிப்பு வந்து நெருப்பில் விழுந்திருக்கிறார்கள். அதுவரை அங்கே இவ்வளவு இல்லாத வலிப்பு எங்கிருந்து வந்தது? சில காலத்துக்கு முன் பாலித் தீவிலிருந்து அன்பளிப்பாக வந்த பன்றிகளோடு சேர்ந்து இந்தப் புழுவும் வந்ததென்று மருத்துவர்கள் கருதினார்கள்.

இனி நடைமுறைக்கு வருவோம். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, செருப்பை முகரவைப்பது, பல்லுக்கு நடுவே கரண்டி வைப்பது எதுவும் வேண்டாம். இரும்பால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானே நிற்கும், பெயர் சாவிக்குப் போய்விடுகிறது. பக்கத்தில் இடிக்கிற பொருளை நகர்த்தி, ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் அடுத்த வலிப்பு வந்தாலோ 108-ஐ அழையுங்கள்.

முதல் வலிப்பு வந்தவுடன் ஸ்கேன் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பேயோட்டவும் மந்திரிக்கவும் போகும் வாரங்கள் வீண். ஸ்கேனில் கட்டி தெரிந்தால் பதறவும் வேண்டாம்: ஒற்றைச் சிறு கட்டி பலருக்குச் சில மாதங்களில் சுருங்கி மறைந்துவிடும். வலிப்பு மருந்தோடு, தேவைப்பட்டால் ஸ்டீராய்டின் துணையோடு அல்பெண்டசோல் என்ற புழு மருந்தை ஓரிரு வாரம் கொடுப்பார்கள். கட்டிகள் அதிகமென்றால் பிராசிகுவாண்டெல் என்ற இன்னொரு புழு மருந்தும் சேரும். கட்டி ஏற்கெனவே சுண்ணாம்பாக இறுகிப்போயிருந்தால் புழு மருந்தால் பயனில்லை. வலிப்பு மருந்து மட்டுமே.

ஓர் எச்சரிக்கை. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் தருகிற குடற்புழு நீக்க மாத்திரையும் அல்பெண்டசோல்தான் என்பதால், "அதையே நாலைந்து வாங்கிப் போட்டால் என்ன?" என்று மருந்துக்கடைக்குப் போகாதீர்கள். மூளையில் கட்டிகள் நிறைய இருக்கும்போது எல்லாம் ஒரே நேரத்தில் செத்தால் மூளை வீங்கும், உயிருக்கே ஆபத்து. கண்ணில் கட்டி இருந்தால் பார்வை போகலாம். அதனால்தான் மருந்தைத் தொடங்குமுன் கண் பரிசோதனை செய்கிறார்கள். செய்யாவிட்டால் கேளுங்கள்.

வலிப்பு மருந்தைத் தானாக நிறுத்துவதும் அதேபோல் ஆபத்து. "ஆறு மாசமா வரலையே" என்று நிறுத்தி, கிணற்றடியில் விழுந்தவர்கள் உண்டு. எப்போது குறைக்கலாம் என்பதை மறு ஸ்கேன் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். இளம்பெண்களுக்கு வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து எழுதப்பட்டிருந்தால், கர்ப்பத்தில் அது குழந்தையைப் பாதிக்கும் என்பதால் மாற்று மருந்து உண்டா என்று திருமணத்துக்கு முன்பே கேட்க வேண்டும்.

பழைய படம் இல்லாமல் கட்டி மறைந்ததா என்று சொல்வது கடினம். எனவே ஸ்கேன் படத்தையும் அறிக்கையையும் பத்திரப்படுத்துங்கள். மருத்துவப் பதிவுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் சொல்கின்றன. எழுத்தில் கேளுங்கள், நகலில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம்.

பெரும்பாலும் விட்டுப்போகிற வேலை ஒன்று இருக்கிறது. ஒரு வீட்டில் ஒருவருக்கு மூளைக் கட்டி என்றால், அந்த வீட்டிலோ அதற்கு மிக அருகிலோ யாரோ ஒருவரின் குடலில் நாடாப்புழு இருக்கலாம். வீட்டில் எல்லோருக்கும், சமையல் செய்பவருக்கும், மலப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். முட்டை எல்லா நாளும் வெளியேறாது என்பதால் ஒரு தடவையில் தெரியாமல் போகலாம். புழு இருந்தால் மருத்துவர் தரும் ஒரே வேளை மருந்தில் பெரும்பாலும் போய்விடும். இதைத் திட்டாமல், ஒதுக்காமல் செய்ய வேண்டும். வேலைக்கு வரும் அம்மாவை நிறுத்திவிடுவது வைத்தியம் ஆகாது.

பன்றி வளர்ப்பவர்களை ஊரைவிட்டு விரட்டுவதும் அப்படியே. பன்றி தானாக நோயை உண்டாக்குவதில்லை; மனித மலம் அதன் வாய்க்கு எட்டுகிறது என்பதே பிரச்சினை. கழிப்பறையும் தண்ணீரும் கட்டித் தராமல், தெருவைச் சுத்தம் செய்யவைத்த சாதியினரையே நோய்க்குக் குற்றஞ்சாட்டுவது நம் ஊரின் பழைய கெட்டிக்காரத்தனம். பெரு நாட்டின் தும்பேஸ் பகுதியில் வேறு வழியைக் கையாண்டார்கள். மனிதர்களுக்குப் புழு மருந்து, பன்றிகளுக்கும் மருந்து, பன்றிக்குத் தடுப்பூசி என்று மூன்றையும் சேர்த்துச் செய்தபோது, 107 கிராமங்களில் 105-இல் பரவல் நின்றது. 2016-இல் வெளியான முடிவு. அந்தப் பன்றித் தடுப்பூசியை வணிகமுறையில் தயாரிப்பது ஹைதராபாத்தில் உள்ள ஓர் இந்திய நிறுவனம். நம் வீட்டுத் திண்ணையிலேயே கிடக்கிற மருந்து.

கடைசியாக, கல்யாணம். இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் நடந்த திருத்தத்தால், அடிக்கடி வலிப்பு வருவது திருமணத்துக்குத் தடையாக எழுதப்பட்டது. அதைக் காட்டித் திருமணத்தையே செல்லாததாக்க முடிந்தது. 1999-இல் அந்தச் சொல் நீக்கப்பட்டது. சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் நீக்கப்பட்டது. இன்று வலிப்பு என்ற ஒரே காரணத்துக்காகத் திருமணத்தை ரத்து செய்யச் சட்டத்தில் இடமில்லை. "மறைத்துவிட்டார்கள்" என்று ஏமாற்றுக் குற்றம் சாட்டி வழக்குப் போடுவதற்கு மட்டும் வழி இருக்கிறது. நிச்சயதார்த்தத்துக்கு முன்பே ஸ்கேன் அறிக்கையோடு சொல்லிவிடுவது நல்லது என்பேன். ஓட்டுநர் உரிமத்திலும் உண்மை சொல்லியாக வேண்டும். விண்ணப்பத்தோடு தரும் உடல்தகுதி உறுதிமொழிப் படிவம் வலிப்பு உண்டா என்று நேரடியாகவே கேட்கிறது. பொய் சொல்லி வண்டி ஓட்டினால் ஆபத்து தெருவில் போகிறவருக்கும்தான்.

வலிப்பைச் சாக்காக வைத்துப் பெண்ணைப் பிறந்தகத்துக்கு அனுப்பியிருந்தால், வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவானாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தொலைபேசி எண் 15100. போகும்போது மருத்துவச் சீட்டுகள், ஸ்கேன் படம், திருமணப் பதிவுச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.