தலைகீழ் ஓட்டமும் கழுத்து நோவும்

சென்ற விடுமுறையிற் பெற்றோருடன் பெங்களூருக்குச் சென்று மீண்ட மாணவன் ஒருவன், அங்குள்ள வொண்டர்லாப் பூங்காவில் எடுத்த படமொன்றை எம்மிடம் காட்டினான். உருக்குத் தண்டவாளம் ஒன்று வானத்தை நோக்கி எழுந்து, பின்புறமாக வளைந்து, தலைகீழாய்ச் சுழன்று மீண்டும் நிலத்துக்கு இறங்குகின்றது. அதன்மீது ஓடும் வண்டியிலே மனிதர் தலைகீழாக இருந்து அலறுகின்றனர்.

"சேர், இந்த வளையத்தை வடிவாய்ப் பாருங்கோ. வட்டமாய் இல்லை. மேலே ஒடுங்கி, கீழே அகண்டு கண்ணீர்த்துளி மாதிரி இருக்கு. கட்டினவைக்கு வட்டம் கீறத் தெரியாதோ?" என்று கேட்டான்.

வகுப்பு சிரித்தது. ஆயினும், கேள்வி சிரிப்புக்குரியதன்று. வட்டமாகவே முதலிற் கட்டினார்கள். ஏறியவர்களுக்குக் கழுத்து நொந்தது. அந்த நோவைப் போக்கும் வழியை மக்கள் மனங்கொள்ளும் வகையிற் கண்டுபிடிப்பதற்கு எண்பது ஆண்டுகள் சென்றன. ஒரு விளையாட்டுச் சாதனத்தின் பொருட்டு மனிதன் இத்துணை மூளையைச் செலவிட்டானா என்று வியப்போரும் உளர். செலவிட்டிருக்கின்றான்.

உயரத்திலிருந்து வழுக்கி இறங்கும் இவ்விளையாட்டு, உருசிய நாட்டுப் பனிக்காலத்திலே, மரச் சாரங்களின்மேல் நீரூற்றி உறையவிட்ட சறுக்குகளிலே தோன்றியது. பனி இல்லாத பிரான்சிய நாட்டவர் அதற்குச் சில்லுப் பூட்டி, 1817ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரில் ஓட்டினார்கள். பின்னர் 1884ஆம் ஆண்டு, நியூயோர்க்கை அடுத்த கோணி ஐலண்ட் கடற்கரையில் லாமார்க்கஸ் தொம்சன் என்பவர் 600 அடி நீளத் தண்டவாளம் ஒன்றை அமைத்தார். கட்டணம் ஐந்து சதம். வேகம் மணிக்கு ஆறு மைல். எங்கள் ஊரிலே துவிச்சக்கர வண்டியில் தோட்டத்துக்குப் போகும் முதியவரே அதனை முந்திவிடுவார்! வாங்குபோன்ற இருக்கையிற் பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். மறு அந்தம் சேர்ந்ததும் இறங்கி நிற்க வேண்டும். பணியாட்கள் வண்டியைத் தள்ளி ஏற்றித் திரும்புந் தண்டவாளத்தில் விட்டபின் மீண்டும் ஏற வேண்டும். மறு ஆண்டிலேயே பிலிப் ஹிங்கிள் என்பவர், வண்டியைச் சங்கிலியால் மேட்டுக்கு இழுத்து, புறப்பட்ட இடத்திலேயே கொணர்ந்து சேர்க்கும் சுற்றுப்பாதையை அமைத்தார். ஏறியவர் இறங்கவேண்டிய தொல்லை ஒழிந்தது. கூட்டம் தொம்சனை விட்டு அங்கே பெயர்ந்தது.

இனி வளையத்துக்கு வருவோம். 1895ஆம் ஆண்டு, அதே கோணி ஐலண்டில், லீனா பீச்சர் என்பவர் வகுத்த 'பிளிப் பிளாப்' என்னும் வண்டி ஓடத் தொடங்கிற்று. ஏறத்தாழ 25 அடி விட்டமுள்ள முழுவட்டத்தில் அது தலைகீழாகச் சுழன்றது. அதில் ஏறியவரது உடலை அவரது நிறையின் பன்னிரு மடங்கு வரையான விசை அழுத்தியது என்பர். கழுத்தும் முதுகும் நொந்து இறங்கியவர்கள் மறுமுறை ஏற விரும்பவில்லை. சில ஆண்டுகளில் அது மறைந்தது.

வட்டத்திலே என்ன குற்றம்? இதனை விளங்குவதற்குக் கோணி ஐலண்டுக்குப் போகவேண்டியதில்லை. கிணற்றடிக்குப் போனாற் போதும். நீர் நிறைந்த வாளியைக் கயிற்றிற் கட்டி, தலைக்குமேலாகச் சுழற்றாத யாழ்ப்பாணத்துச் சிறுவர் உளரோ? வாளி உச்சியிற் கவிழ்ந்து நிற்கும்போதும் நீர் சிந்துவதில்லை. அதற்குக் குறைந்த அளவு கதி ஒன்று தேவை. ஆனால், அவ்வாளி கீழே வரும்போது கை எவ்வளவு இழுபடுகின்றது என்பதைக் கவனித்தீர்களா?

அந்த இழுவையே கதையின் கரு. முழுவட்ட வளையத்தின் உச்சியில் இருக்கையை விட்டு விழாதிருக்கப் போதுமான கதி வண்டிக்கு வேண்டுமானால், அடியில் அது அதனினும் மிக்க கதியுடன் புகவேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால், உராய்வை நீக்கினாலும், அடியில் மனிதன் உணரும் பாரம் அவனது நிறையின் ஆறு மடங்காகும். வளையம் பெரிதானாலும் சிறிதானாலும் இந்த ஆறு மாறுவதில்லை. 50 கிலோ நிறையுள்ள மாணவன் தன்னை 300 கிலோவாக உணர்வான். இதனுடன் ஒப்பிடச் சித்திரை வருடப்பிறப்பிற் புளியமரத்திற் கட்டும் ஊஞ்சலை எடுத்துக்கொள்க. அதனை 60 பாகை வரை உன்னி ஆடினாலும் அடியில் உணர்வது இரு மடங்கே. அதற்கே அடிவயிறு கூசுகின்றது!

பாரம் மிகுதி என்பது ஒரு குற்றம். அது திடீரென வருவது மற்றொன்று. நேரான தண்டவாளம் வட்டத்தைத் தொடும் அந்தக் கணத்திலே ஒரு மடங்கு ஆறு மடங்காகின்றது. கழுத்துத் தசை தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்ள அவகாசமில்லை.

1901ஆம் ஆண்டில் எட்வின் பிறெஸ்கொட் என்பவர், வட்டத்தை நீள்வட்டமாக்கி 'லூப் த லூப்' என்பதை அமைத்தார். நோவு பெரிதும் குறைந்தது. ஆயினும் வண்டியொன்றில் நால்வரே ஏறலாம். ஏறத் துணிந்தவர்களைவிட, கட்டணம் கொடுத்து வேடிக்கை பார்த்தவர்களே அதிகம் என்று கூறுவர். நால்வரை வைத்துத் தொழில் நடவாது. 1910 அளவில் அதுவும் நின்றது. அதன்பின் நெடுங்காலம் வளையத்தைத் தொடுவாரில்லை.

மரத்தாலான தண்டவாளத்தை வேண்டியவாறெல்லாம் நுணுக்கமாக வளைத்தல் இயலாது. 1959ஆம் ஆண்டு கலிபோர்ணியாவில் டிஸ்னிலாண்ட் பூங்காவின் 'மாற்றர்ஹோர்ன்' வண்டிக்கு உருக்குக் குழாயாலான தண்டவாளம் இடப்பட்ட பின்னரே, வேண்டிய வளைவு கைக்கு எட்டியது. 1976ஆம் ஆண்டு, அதே மாநிலத்தின் மஜிக் மவுண்டன் பூங்காவில், அன்ரன் ஷ்வாட்ஸ்கொப் என்னும் ஜெர்மானியர், வேர்னர் ஸ்டெங்கல் என்னும் பொறியியலாளரின் கணக்கைக்கொண்டு, ஏறத்தாழ 90 அடி உயர வளையமொன்றை எழுப்பினார். அமெரிக்க விடுதலையின் இருநூறாவது ஆண்டாகையால் அதற்குப் 'புரட்சி' எனப் பெயரிட்டனர். அவ்வளையம் கண்ணீர்த்துளி வடிவினது.

ஸ்டெங்கல் கையாண்ட வளைவுக்குக் 'குளோத்தொயிட்' என்று பெயர். மனித வாழ்வின் நூலை நூற்பவள் எனக் கிரேக்கர் கூறும் குளோதோ என்னும் தெய்வத்தின் பெயரால், செசாரோ என்னும் இத்தாலியக் கணித அறிஞர் இட்ட பெயர் அது. வளைவு செல்லச் செல்ல அதன் ஆரை சிறிது சிறிதாகக் குறையும். புகையிரதப் பாதை அமைப்போர், நேர்ப்பாதையிலிருந்து வளைவுக்குப் பிரயாணிகள் குலுங்காது திரும்பும்பொருட்டு முன்னரே கையாண்ட உபாயம். கதி மிகுந்த அடிப்பாகத்தில் அகன்ற வளைவு; கதி குறைந்த உச்சியில் ஒடுங்கிய வளைவு. 20 மீற்றர் உயர வளையமொன்றில் உச்சியின் ஆரையை 6 மீற்றராகவும் அடியின் ஆரையை 20 மீற்றராகவும் கொண்டு மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம்: ஆறு மடங்கு மூன்றேகால் மடங்கு அளவில் வந்து நிற்கும். அதுவும் படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்கும்.

ஏறியவன் முன்போலவே தலைகீழாகின்றான், முன்போலவே அலறுகின்றான். அச்சத்தில் ஓர் அணுவும் குறைக்கப்படவில்லை. நோவு மாத்திரம் நீக்கப்பட்டது. அச்சத்தையும் நோவையும் ஒன்றெனக் கருதியவர்கள், நோவைக் குறைத்தாற் சுவையுங் குறையும் என்று எண்ணியிருப்பர். ஸ்டெங்கல் அவ்வாறு எண்ணவில்லை.

வேடிக்கை என்னவெனில், அதே வண்டிக்குப் பின்னாளில் நோவு வேறு வழியால் வந்து சேர்ந்தது. தொடக்கத்தில் மடிக்குக் குறுக்கே ஒரு சட்டம் மாத்திரமே இருந்தது. வளையத்திலே விசை மனிதனை இருக்கையோடு அழுத்துவதால் அதுவே போதுமானது. பின்னர்த் தோள்களை அணைத்துப் பிடிக்கும் தாங்கிகளைப் பொருத்தினார்கள். தண்டவாளமோ அவற்றுக்கென வகுக்கப்பட்டதன்று. வளைவுகளிலே காதும் கன்னமும் தாங்கியில் மோதின. காவலுக்கு வைத்ததே கன்னத்தில் அறைந்தது! 2016ஆம் ஆண்டிற் புதிய வண்டிகளைக் கொணர்ந்து, தோள் தாங்கியை நீக்கி, மீண்டும் மடிச் சட்டத்தையே வைத்தனர். தண்டவாளத்தை அப்படியே விட்டனர். கண்ணை மூடி மாயக்காட்சி காட்டும் கருவி ஒன்றையும் அப்பொழுது அளித்தார்கள். கண்ணைத் திறந்து பார்க்கத் தகுந்த வளையத்துக்கு அது எதற்கு என்று எமக்குப் புரியவில்லை.

திருவிழாக் காலங்களில் எங்கள் பக்கத்துக்கும் இராட்டினங்கள் வருகின்றன. 'இம்முறை புதுமை' என்று ஒலிபெருக்கியிற் கூவுவார்கள். போய்ப் பார்த்தால் வேகம் கூடியிருக்கும், விளக்குக் கூடியிருக்கும். இருக்கையின் கொளுக்கியோ சென்ற ஆண்டு கம்பியாற் கட்டிய அதே கொளுக்கி. பேரப்பிள்ளையை அணைத்தபடி ஏற விரும்பும் ஆச்சிக்குப் படியில்லை. இவற்றைத் திருத்த ஜெர்மானியக் கணக்கு வேண்டியதில்லை. ஒருமுறை உரிமையாளர் தாமே ஏறி, இரண்டு சுற்று இருந்து பார்த்தாற் போதும்.

படம் காட்டிய மாணவனுக்கு இவற்றைக் கரும்பலகையில் விளக்கினோம். மறுநாள் அவன் சட்டை நனைந்த கதையோடு வந்தான். கிணற்றடியில் வாளியை ஒரே வீச்சாகச் சுழற்றத் தொடங்கினானாம். பாதி நீர் அவன் தலையில். இரண்டாம் முறை மெல்ல ஊஞ்சல்போல ஆட்டி, வீச்சைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் சுழற்றினானாம்.

"ஒரு சொட்டுக்கூடச் சிந்தேல்லை, சேர்" என்றான்.