பழுதான சார்ஜர்: தேடல் எங்கே தொடங்க வேண்டும்?

கார் பேட்டரிக்கு மின்னேற்றும் சார்ஜர் நின்றுபோனவுடன் பலர் திருப்புளியைத் தேடுவது வழக்கமாயினும், பழுது உறைக்கு வெளியிலேயே இருப்பதும் உண்டாதலால், சோதனையைச் சுவரிலிருந்து தொடங்குவதே முறை. மலேசியாவில் வழங்கும் மும்முனைச் செருகிக்குள், மின்னோட்டம் அளவு மீறும்போது தான் உருகி இணைப்பைத் துண்டிக்கும் ஃபியூஸ் ஒன்று உள்ளது. அது போயிருப்பின் அதே ஆம்பியர் அளவுள்ளதை இட வேண்டுமேயன்றி, கைக்கு அகப்பட்ட 13 ஆம்பியர் ஃபியூஸை இட்டால் மெல்லிய கம்பி சூடேறித் தீப்பற்றக்கூடும்.

அடுத்து, கவ்விகளின் பற்களில் படிந்திருக்கும் பச்சை, வெண் பொடியைச் சுரண்டி நீக்கிய பின், மல்டிமீட்டர் என்னும் அளவியைக் கொண்டு பேட்டரியை அளக்க வேண்டும். முழுதும் மின்னேறிய 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி ஓய்வு நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். சார்ஜரை இணைத்ததும் அளவு மெல்ல 13ஐத் தாண்டி ஏறுமாயின் சார்ஜர் உழைக்கிறது என்றே கொள்ளலாம். இவ்விடத்தில்தான் பலர் ஏமாறுகின்றனர்: தானியங்கிச் சார்ஜர்கள் பலவும் பேட்டரியின் அழுத்தத்தை உணர்ந்த பிறகே மின்சாரத்தை வெளிவிடுவதால், வெறும் கவ்விகளை அளப்பவருக்குச் சுழியமே தெரியும், அடியோடு வற்றிய பேட்டரியை இணைத்தாலும் அவை அசைவதில்லை. நல்ல பேட்டரி ஒன்றில் மாட்டிப் பார்க்காமல் சார்ஜரைக் குறைகூறுவது பொருந்தாது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளில் பேட்டரியை வீட்டுக்குள் தூக்கிவந்து மின்னேற்றுவோர், அப்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படுமாதலால், சன்னலைத் திறந்துவைப்பது இன்றியமையாதது.

இடிமின்னலுக்குப் பேர்போன கிள்ளான் பள்ளத்தாக்கில், மாலை மழைக்குப் பின் நின்றுபோன சார்ஜரின் பழுது பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும். உட்புறக் கண்ணாடி ஃபியூஸ் கருகிக் கிடந்தால் அதற்கப்பால் குறுக்குச்சுற்று நேர்ந்துள்ளது என்பது பொருள். மின்னழுத்தத் தாவலைத் தன்மேல் ஏற்கும் வேரிஸ்டர் என்னும் வட்டவில்லை வெடித்திருக்கலாம், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் டையோடுகள் இருபுறமும் கடத்தத் தொடங்கியிருக்கலாம். இவற்றை மாற்றாமல் ஃபியூஸை மட்டும் மாற்றினால் அதுவும் நொடியில் போகும். மின்னைச் சேமித்துவைக்கும் கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தால், அதே மைக்ரோஃபாரட் அளவும், குறையாத வோல்ட் அளவும் உடையதைக் கோலாலம்பூர் ஜாலான் பாசாரின் மின்னணு உதிரிபாகக் கடைகளில் வாங்கலாம். எனினும் 230 வோல்ட் மின்சாரத்தை நேராக்கும் சுற்றில் அக்கெப்பாசிட்டர் ஏறத்தாழ 325 வோல்ட்டைத் தாங்கி நிற்பதாலும், செருகியைப் பிடுங்கிய பின்னரும் அது வடியாதிருக்கலாம் என்பதாலும், அதை அளந்து பார்த்து வடிக்கத் தெரியாதவர் உறையைத் திறக்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே தகும்.